சாயத்தில் கை வைக்காதே

1

இந்தக் கதை எனக்கு ஒரு கந்தல்துணியிலிருந்து கிடைத்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பழைய பனியனிலிருந்து கிழித்த உள்ளங்கை அகலத் துணி. ஒரு பக்கம் பழுப்பேறியிருக்கும். இப்போது அது என் மேசை இழுப்பறையில் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் கிடக்கிறது. அது எப்படி என் கைக்கு வந்தது என்பதைச் சொல்லாமலே கதையை முடித்துவிடலாம் என்று பார்க்கிறேன்.

மணி காலை ஏழு பத்து. பத்து மணிக்குள் இதை எழுதி முடித்தாக வேண்டும். பத்து மணிக்கு எதிர்வீட்டுக் கராஜில், துப்பாக்கி பழுதுபார்க்கிற பிளாஜெனா ஒரு துப்பாக்கியைப் பிரித்து அதன் சொந்தக்காரனிடம் காட்டப் போகிறாள். அதற்குப் பிறகு எழுதினால் இது கதையாக இருக்காது, நடந்த விஷயமாகிவிடும். நடந்த விஷயத்தை எழுதுகிற துணிச்சல் எனக்குக் கிடையாது.

நேற்று மாலை நான்கு மணிக்குப் பிசின் போட்டார்கள். பதினெட்டு மணி நேரம் இறுக வேண்டும். (போட்டார்கள் என்று பன்மையில் எழுதிவிட்டேன். போட்டாள். பிளாஜெனா போட்டாள். அவள் தனியாக இருந்தாள்.)

2

தொடக்கங்கள்.

(அ) "ஓராவா ஆற்றில் பனிக்கட்டி உடைந்து நகர ஆரம்பித்த நாளில், வெண்டெலின் தன் துப்பாக்கியைக் கம்பளியில் சுற்றி ஒரு குழந்தையைப் போல" – வேண்டாம். நிஜக் குழந்தை ஒன்று பின்னால் வரப்போகிறது.

(ஆ) "இரும்புக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில் நூலளவு இடைவெளி. மனிதர்களுக்கு நடுவிலும் இப்படித்தான்" – இது கல்யாண வாழ்த்துரை மாதிரி இருக்கிறது. அடித்தாயிற்று.

(இ) "பிளாஜெனா பொய் சொல்லத் தெரியாத பெண்." நல்ல வாக்கியம். இதை வைத்துக்கொண்டிருப்பேன், ஆனால் இதுவே பொய்.

துப்பாக்கியைத் தொட்டே பார்க்காத வாசகருக்கு நாலு வரி சொல்லிவிடுகிறேன். வேட்டைத் துப்பாக்கிக்கு இரண்டு பகுதிகள். குழலும் குண்டு ஏற்றும் பொறியும் சேர்ந்தது இரும்பு. தோளில் அணைத்துக்கொள்ளும் பகுதி கட்டை. கட்டை என்று சொன்னாலும் வெண்டெலினுடையது மரமில்லை, பிளாஸ்டிக். இரண்டு ஸ்க்ரூக்கள் இரும்பைக் கட்டையோடு பிடித்திருக்கும். இரும்பின் அடியில் ஒரு முளை. கட்டையில் அந்த முளை உட்கார ஒரு பள்ளம். ஒவ்வொரு முறை சுடும்போதும் முளை பின்வாங்கிப் பள்ளத்தின் சுவரை ஓர் உதை உதைக்கும். பிளாஸ்டிக் சுவர் உதை வாங்கி வாங்கிக் குழிந்துபோனால், இரும்பு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு இடத்தில் போய் உட்காரும். மூன்று குண்டு குறிவைத்த இடத்தில் விழும். நாலாவது நாலு விரல் தள்ளிப் போகும். ஏன் போனது என்று யாராலும் சொல்ல முடியாது.

இதற்கு வைத்தியம், பள்ளத்தில் எபாக்ஸிப் பிசினைக் குழைத்துப் போட்டு, இரும்பை அதற்குள் அமிழ்த்தி, அப்படியே இறுக விடுவது. இறுகிய பிறகு இரும்பின் அச்சு கட்டைக்குள் இம்மி பிசகாமல் பதிந்திருக்கும்.

இதில் இரண்டு பயங்கள் உண்டு. பிசின் இரும்பில் ஒட்டக் கூடாது, ஆனால் ஆசையாக ஒட்டும். அதனால் இரும்பு முழுக்க மெழுகு தடவ வேண்டும். பிசின் பிளாஸ்டிக்கில் ஒட்ட வேண்டும், ஆனால் ஒட்ட மாட்டேன் என்று அடம்பிடிக்கும். அதனால் பிளாஸ்டிக்கை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, உள்ளே எண்ணெய், அழுக்கு, கறை எதுவும் இல்லாமல் அசிட்டோன் போட்டுத் துடைக்க வேண்டும்.

எதுவும் இல்லாமல். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

3

போன திங்கட்கிழமை வெண்டெலின் வந்தான். பிளாஜெனாவும் அவனும் எட்டு வருஷம் ஒரே வகுப்பு. இரண்டு பேருக்கும் இப்போது ஐம்பத்திரண்டு வயது.

"என்னடா, அஞ்சு மாசமா ஆளையே காணோம்? மலர்வளையத்துக்குச் சொல்லி வெக்கலாமான்னு இருந்தேன்."

"நீயா? கஞ்சப் பிசினாரி. ரெண்டு பூவோட நிறுத்தியிருப்ப."

"பிசின் வேலைக்காரிதானே நான். என்ன கொண்டுவந்திருக்க?"

அவன் கம்பளியைப் பிரித்துத் துப்பாக்கியைப் பட்டறை மேசையில் வைத்தான். வைத்தவுடனே கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

"குறி தள்ளுது. உனக்குத் தெரிஞ்சதைப் பண்ணு. வியாழக்கிழமை பத்து மணிக்கு வரேன்."

"செப்டம்பர்லயே இதைப் பாத்தேனே. தொறந்து பாத்தேன், துப்பாக்கி மேல ஒரு குத்தமும் இல்ல, உன் கைதான் ஆடுது, காப்பியைக் கொறன்னு சொன்னேன்ல. கொறச்சியா?"

"விட்டுட்டேன்."

"காப்பியையா?"

"எல்லாத்தையும்தான்."

அவன் போன பிறகுதான் அவள் அந்தச் சீட்டைப் பார்த்தாள். விசையைச் சுற்றியிருக்கும் வளையத்தில் நூலால் கட்டியிருந்தது. பென்சிலில் ஒரே வரி: சாயத்தில் கை வைக்காதே.

பிளாஜெனாவுக்குச் சிரிப்பு வந்தது. செப்டம்பரில் அவள் ஸ்க்ரூக்களை முறுக்கிவிட்டு, ஒவ்வொரு ஸ்க்ரூவின் தலையிலிருந்தும் பக்கத்து இரும்புவரை சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்திருந்தாள். ஸ்க்ரூ தானாகத் தளர்ந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். அந்தக் கோடுகள் இன்னும் முழுசாக இருந்தன.

"சாயத்தைத் தொடாம ஸ்க்ரூவை எப்படிக் கழட்டறதாம்? என்னை மந்திரவாதின்னு நெனச்சுட்டான்" என்றாள். [யாரிடம் சொன்னாள்? தனக்குத்தானே. தனியாக வேலை செய்பவர்கள் பேசிக்கொள்வார்கள்.]

4

சாயம் என்று எழுதிவிட்டேன். சீட்டில் இருந்த சொல் 'ஃபார்பா'. இந்த ஊரில் வீட்டுக்கு அடிக்கிற பெயிண்டும் ஃபார்பா, முடிக்குப் போடுகிற மையும் ஃபார்பா, வானவில்லில் இருப்பதும் ஃபார்பா. தமிழில் நிறம், வண்ணம், சாயம் என்று மூன்றை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் திண்டாடினேன். சாயம்தான் சரி. வெளுக்கக்கூடியது அது ஒன்றுதான்.

எழுத்துக்கு நடுவே ஒரு சொந்தக் கதை. பொறுத்துக்கொள்ளுங்கள், ஐந்து நிமிடத்தில் திரும்பிவிடுகிறேன்.

நான் இங்கே வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு வேலை. பெயர் சேதுராமன். இவர்கள் வாயில் அது 'செத்து' என்றுதான் வருகிறது. "செத்து, எழுந்துட்டியா?" என்று காலையில் ஜன்னலைத் தட்டுவார்கள். பழகிவிட்டது.

வந்த மூன்றாவது வருஷம் வேட்டைச் சங்கத்து விருந்துக்குக் கூப்பிட்டார்கள். ஆட்டுப்பால் சீஸ் போட்ட உருளைக்கிழங்கு உருண்டை, பிளம் சாராயம். வேட்டைக்காரர்களுக்கு என்று தனிப் பேச்சு இருக்கிறது. அதில் சில சாதாரணச் சொற்களைச் சொல்லவே கூடாது, சொன்னால் தண்டனை. நான் அன்று சுட்டுக் கிடத்தியிருந்த ஒரு மானைக் காட்டி ஏதோ சொல்லப்போய் 'க்ர்வ்' என்றேன். இரத்தம் என்று அர்த்தம். மேசையே என் பக்கம் திரும்பியது. பிறகு ஒரே ஆரவாரம். என்னை அந்த மானின் மேலேயே குப்புறச் சாய்த்து, வேட்டைக்கத்தியின் தட்டைப் பக்கத்தால் பின்புறத்தில் மூன்று அடி. அடித்தவன் வெண்டெலின்.

"காட்டுல க்ர்வ் கெடையாதுடா, இந்தியாக்காரா" என்றான், சிரிப்பில் கண்ணீர் வழிய. "ஃபார்பாதான் உண்டு. திருப்பிச் சொல்லு."

மூன்று முறை சொல்ல வைத்தான். அடிபட்ட விலங்கு சொட்டிக்கொண்டே போகும் சாயத்தை மோப்பம் பிடித்துப் போகிற வேட்டை நாய்க்கும் இவர்கள் சாயக்காரி என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். வெண்டெலினிடம் அப்படி ஒன்று இருந்தது. டூனா. கறுப்பும் பழுப்பும். போன அக்டோபரில் செத்துப்போனது. காட்டுப்பன்றி கிழித்துவிட்டது என்று வெண்டெலின் எல்லோரிடமும் சொல்லியிருந்தான்.

(இந்தப் பகுதியை வைப்பதா எடுப்பதா என்று இரண்டு முறை யோசித்தேன். வேடிக்கையாக இருக்கிறது என்பதற்காக வைத்தேன். இப்போது அதற்காகவே பயமாக இருக்கிறது.)

மணி எட்டு.

5

நேற்று, புதன், மதியம் ஒரு மணி. பிளாஜெனா சிவப்புக் கோடுகளை உடைத்து ஸ்க்ரூக்களைக் கழற்றினாள். இரும்பைத் தூக்கினாள். விளக்கை இழுத்துக் கட்டைக்குள் பார்த்தாள்.

பார்த்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

முளை உட்காரும் பள்ளத்தின் பின்சுவர் குழிந்திருந்தது. கட்டைவிரல் நகம் நிற்கிற அளவுக் குழி. விளிம்பில் பிளாஸ்டிக் பிதுங்கி மடிந்திருந்தது. ஒரு பருவத்தில் வருகிற குழியில்லை அது, வருஷக்கணக்கில் அடி வாங்கியது. செப்டம்பரில் திறந்து பார்த்திருந்தால் குருடிக்கும் தெரிந்திருக்கும்.

செப்டம்பரில் அவள் திறக்கவில்லை. வேட்டைப் பருவம் தொடங்க ஒரு வாரம். பட்டறையில் முப்பத்தொரு துப்பாக்கிகள். ஸ்க்ரூவை முறுக்கினாள், கோடு போட்டாள், மணல் மூட்டையில் வைத்து ஐந்து குண்டு சுட்டாள், ஐந்தும் சரியாக விழுந்தன. திறந்து பார்த்தேன் என்றாள். காப்பியைக் குறை என்றாள். அவன் சிரித்துக்கொண்டே வாங்கிப் போனான்.

இப்போது குழியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பார்த்தேன் என்று ஒரு வார்த்தை விளையாட்டாக விட்டதுதான். அதற்கு இவ்வளவு ஆழம் இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. போகட்டும், பிசின் போட்டால் குழி அடைந்துவிடும், வெளியே தெரியாது என்று ஒரு நினைப்பு வந்தது. வந்தவுடனே வெட்கமும் வந்தது. இரண்டையும் ஒதுக்கிவிட்டு வேலையைப் பார்த்தாள்.

உப்புத்தாள் போட்டாள். முளையின் முன்பக்கத்திலும் பக்கவாட்டிலும் டேப் ஒட்டினாள். ஸ்க்ரூ ஓட்டைகளைப் பிள்ளைகள் விளையாடுகிற களிமண்ணால் அடைத்தாள். கையுறை முழுக்க மெழுகு. "அந்த அசிட்டோன் டப்பாவை இங்க நகத்து" என்றாள்.

[யாரிடம்? அடித்துவிடு. கராஜில் அவள் தனியாகத்தானே இருக்கிறாள்.]

குழல் படிந்து கிடக்கும் நீண்ட பள்ளத்தில் பழுப்பாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. பழைய எண்ணெய் என்று நினைத்தாள். துடைத்தாள். கந்தலைத் தூக்கி மேசையில் போட்டாள். பிசினையும் அதை இறுக வைக்கும் ஹார்டனரையும் குழைத்து, பள்ளத்தில் வழித்துப் போட்டு, இரும்பை இறக்கினாள். விளிம்பு முழுக்கப் பிசின் பிதுங்கி வந்தது. துடைத்தெடுத்தாள். மணி நான்கு.

6

ஐந்து மணிக்கு ஒட்டீலியா வந்தாள், வெண்டெலினின் மனைவி. கையில் துணி போட்டு மூடிய தட்டு, அதில் கசகசா வைத்துச் சுருட்டிய ரொட்டி.

"இன்னும் சூடா இருக்கு, சாப்பிடு. நான் வந்தேன்னு அவருகிட்ட சொல்லிடாத."

"என்ன ஒட்டீலியா, லஞ்சமா?"

"ஆமான்னே வெச்சுக்கோ." உட்கார்ந்தாள். பிசினோடு கிடந்த துப்பாக்கியைப் பார்த்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நாளைக்கு இதை வாங்கிட்டு நேரா போய் லைசென்ஸைத் திருப்பிக் குடுக்கப் போறாராம். துப்பாக்கியை யாருக்கோ வித்துடறாராம். மரம் அறுக்கிற வேலையை விட்டுட்டாரு, தெரியுமா உனக்கு? அறுவை மில் வாசல்ல காவல் உக்காந்திருக்காரு. பேத்தி பொறந்து ரெண்டு மாசம் ஆச்சு. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ தூக்கணுமே. மாட்டேங்கறாரு. கையைப் பாக்கெட்டுல விட்டுட்டு நின்னு பாத்துட்டுப் போயிடறாரு."

"ஏன்?"

"டூனாவைப் பன்னி கிழிக்கல. இவரு குண்டுதான். பன்னியை முடிக்கச் சுட்டிருக்காரு, பன்னிக்கும் டூனாவுக்கும் நடுவுல எடம் இருந்திச்சாம், நாலு விரல் தள்ளிப் போயிடுச்சாம். மூணு கிலோமீட்டர் தோள்ல போட்டுத் தூக்கிட்டு வந்தாரு. துப்பாக்கி குறுக்க தொங்கிட்டிருந்திருக்கு. டூனாவோட சாயம் பூரா குழலுக்கு அடியில எறங்கிடுச்சு. கழுவ விடமாட்டேங்கறாரு, பிளாஜெனா. தெனமும் விளக்குக்கு அடியில வெச்சுப் பாக்கறாரு. என் கைதான், என் கைதான், பிளாஜெனா அப்பவே சொன்னா, நான் கேக்கலங்கறாரு."

பிளாஜெனா ரொட்டியைக் கீழே வைத்தாள். அவள் கண் மேசையில் கிடந்த கந்தலுக்குப் போனது.

"ஒரு உதவி பண்ணு" என்றாள் ஒட்டீலியா. "நாளைக்கு வர்றப்போ, துப்பாக்கியிலதான் கோளாறுன்னு சொல்லு. பொய்தான். எனக்காக ஒரு பொய் சொல்லு. நீ சொன்னா நம்புவாரு. நீ பொய் சொல்ல மாட்டேன்னு அவருக்குத் தெரியும்."

"சொல்றேன்" என்றாள் பிளாஜெனா. அந்தக் குரலை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. மூன்று உவமை போட்டு மூன்றையும் அடித்துவிட்டேன்.

ஒட்டீலியா போன பிறகு மணி ஐந்தரை. ஆறு மணிவரை பிசின் தயிர்ப்பதத்தில்தான் இருக்கும். அதற்குள் பிரித்து வழித்துவிட்டால் குழியை அவனுக்குக் கண்ணாலேயே காட்டலாம். பிளாஜெனா ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்தாள். பிரித்தால் குழியோடு சேர்த்துத் துடைத்துவைத்த குழல்பள்ளத்தையும் காட்ட வேண்டும். கீழே வைத்தாள். திரும்ப எடுத்தாள். ஆறு மணி அடித்தது.

7

எட்டு ஐம்பது. கதை இங்கே நிற்கிறது, நகர மறுக்கிறது.

நிற்பதற்குக் காரணம் தெரியும். ஒரு பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம். பிளாஜெனாமேல் இல்லை. அவள் தப்புச் செய்தாள், அது தப்பு என்று அவளுக்கே தெரிகிறது. அவளை எழுதுவது எளிது. எழுத முடியாதவன் ஒருவன் அந்தக் கராஜில் இருந்தான். அடைப்புக்குறிகளுக்குள் நான் அவனை மூன்று முறை வெளியே தள்ளியிருக்கிறேன். நீங்கள் கவனித்திருப்பீர்கள்.

நேற்று விடுப்பு. என் வீட்டு அடுப்புக் கதவின் கீலைப் பற்றவைத்து வாங்கப் போனேன். "இரு, வேலையைப் பாத்துட்டுப் பண்ணித் தரேன்" என்றாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எனக்கு இயந்திர வேலை பிடிக்கும். குழியை விளக்கு வைத்து எனக்கும் காட்டினாள். "பாத்தியா, செத்து? செப்டம்பர்ல நான் தொறக்கவே இல்ல" என்றாள். அதை அவள் சொன்ன முதல் ஆள் நான்தான்.

ஐந்தாம் பகுதியைத் திருத்தி எழுதுகிறேன்:

அவள் கையுறை முழுக்க மெழுகு. "அந்த அசிட்டோன் டப்பாவை இங்க நகத்து. இல்ல, நீயே தொடைச்சிடு. நான் தொட்டா மெழுகு ஒட்டிடும், பிசின் பிடிக்காது" என்றாள். நான் பனியன் துணியைக் கிழித்து அசிட்டோனில் நனைத்தேன். குழல்பள்ளத்தில் பழுப்பைப் பார்த்தேன். கை நின்றது.

"பிளாஜெனா, இங்க ஏதோ இருக்கு. சீட்டுல எழுதின சாயம் இதுவா?"

அவள் திரும்பவில்லை. "சாயம் செவப்புடா. ஸ்க்ரூ மேல நான் போட்டது. அது எண்ணெய்."

துடைத்தேன். நான்கு இழுப்பில் போய்விட்டது.

இவ்வளவுதான் நடந்தது. கேட்டுவிட்டுத்தானே துடைத்தேன், என்மேல் என்ன தப்பு என்று நேற்று மாலையிலிருந்து எனக்கு நானே வாதாடிக்கொண்டிருக்கிறேன். வாதம் நன்றாகத்தான் போகிறது, நான்காம் பகுதி வரும்வரை. மான்மேல் குப்புறப் போட்டு மூன்று அடி அடித்து மூன்று முறை சொல்லவைத்த சொல்லை ஒருவன் மறப்பானா? திங்கட்கிழமை வேலை முடிந்து எட்டிப்பார்த்தபோது அவள் காட்டிய சீட்டைப் பார்த்ததுமே எனக்குத் தெரியும். எழுதியவன் வேட்டைக்காரன். அவன் பேச்சில் ஃபார்பா என்றால் ஒன்றுதான். காய்ந்துபோனதைப் பார்த்தபோதும் தெரியும். தெரிந்துகொண்டுதான் கேட்டேன், அவள் இல்லை என்று சொல்லட்டும் என்று.

ஏன்? இதற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. பத்தொன்பது வருஷமாக ஒவ்வொரு சொல்லுக்கும் திருத்தம் வாங்கிக்கொண்டிருக்கிறேன். 'இல்ல, இது இரத்தம்' என்று நான் சொல்லி, அது எண்ணெயாக இருந்து, "செத்து வேட்டைக்காரன் ஆயிட்டான்டோய்" என்று ஊர் முழுக்கச் சிரித்தால்? சிரிப்பு வாங்குவதைவிடத் துடைப்பது எளிதாக இருந்தது. சொல்லவே கேவலமாக இருக்கிறது.

ஒட்டீலியா பேசியதையெல்லாம் நானும் அங்கே உட்கார்ந்து கேட்டேன். அவள் போன பிறகு பிளாஜெனா கந்தலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் அதை எடுத்துப் பைக்குள் வைத்தேன். அவள் ஸ்க்ரூடிரைவரை எடுத்து வைத்து, எடுத்து வைத்து, ஆறு மணி ஆன பிறகு சொன்னாள்:

"தொடைக்கச் சொன்னது நான். அதை நானே ஏத்துக்கறேன். ஆனா குழிய நீயும் பாத்தல்ல?"

"பாத்தேன்."

"நாளைக்கு நான் சொல்றப்போ பக்கத்துல இரு. வேற ஒண்ணும் வேண்டாம்."

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். வந்து, காலையில் எழுந்து உட்கார்ந்து, அவள் தனியாக இருந்த ஒரு கதையை எழுத ஆரம்பித்தேன்.

8

முடிவுகள். மணி ஒன்பது ஐந்து.

முடிவு ஒன்று. பத்து மணி. பிளாஜெனா ஸ்க்ரூக்களைக் கழற்றி, ரப்பர் சுத்தியலால் குழலின் அடியில் இரண்டு தட்டுத் தட்டுகிறாள். டக்கென்று இரும்பு விடுபடுகிறது. பிசின் கண்ணாடியாய் மின்னுகிறது, ஒரு குமிழிகூட இல்லை. அப்படி ஒரு வேலையை அவள் வாழ்க்கையில் செய்ததில்லை. வெண்டெலின் அதைப் பார்க்கவில்லை. குழல்பள்ளத்தில் விரலை ஓட்டுகிறான். விரல் சுத்தமாக வருகிறது. ஒன்றும் கேட்காமல் கம்பளியில் சுற்றிக்கொண்டு போகிறான், லைசென்ஸைக் கொடுக்க. யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அழகான முடிவுதான். அடக்கமானது, மௌனமானது. இலக்கியக்காரர்களுக்குப் பிடிக்கும். ஆனால் அந்தக் குழந்தையை அவன் தூக்கவே மாட்டான். அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு. பிளாஜெனா சொல்லிவிடுகிறாள். அவள் சொல்வாள், எனக்குத் தெரியும்.

"வெண்டோ, உன் கை இல்லடா. துப்பாக்கிதான். செப்டம்பர்ல நான் தொறக்கவே இல்ல. தொறந்தேன்னு பொய் சொன்னேன். உள்ள குழிஞ்சு கெடந்திச்சு."

"ஒட்டீலியா வந்தாளா?"

"இல்ல, அது"

"கசகசா ரொட்டி வாசனை இங்கயே வருது. நான் போனப்புறம் அவ அடுப்புல நின்னது எனக்குத் தெரியாதா?" அவனுக்குக் கோபமில்லை. சிரிக்கிறான், அதுதான் தாங்க முடியவில்லை. "நல்ல சிநேகிதிடி நீ. எனக்காகப் பொய்கூடச் சொல்ற."

"பொய் இல்லடா!"

"சரி, எங்க காட்டு குழிய."

காட்ட முடியாது. குழிக்குள் பிசின் இருக்கிறது. குடைந்து எடுத்தால் சுவரும் சேர்ந்து பெயர்ந்து வரும். ஐந்து குண்டும் அன்றைக்குச் சரியாகத்தான் விழுந்தன. கைபேசியில் ஒரு படம் எடுத்திருக்கலாம், கையில் மெழுகு, எடுக்கவில்லை. கதைக்குள் ஒரு படத்தைச் செருகிவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். ஆசிரியன் நான்தானே, யார் கேட்பது? ஆனால் வெண்டெலின் கேட்கிறானே. பொய் சொல்லத் தெரியாதவள் என்று அவளை நம்பினான், அதனால் கையை இழந்தான். இப்போது அவள் உண்மையைச் சொல்கிறாள், அது பொய்யாகத் தெரிகிறது. இதை எப்படித் திருப்பி எழுதினாலும் அவள் தனியாக நின்றால் அவன் நம்பப் போவதில்லை.

முடிவு மூன்று. அதே இடம். "சரி, எங்க காட்டு குழிய" என்கிறான். அவள் கதவுப்பக்கம் பார்க்கிறாள். அவனும் திரும்புகிறான். அங்கே ஒருவன் நிற்கிறான், அடுப்புக்கீல் வாங்க வந்தவன் மாதிரி.

"நீ பாத்தியா?" என்கிறான் வெண்டெலின்.

பார்த்தேன் என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும். நீ இங்க என்ன பண்ணிட்டிருந்த? அதற்குப் பதில் சொன்னால் அதற்கடுத்தது வரும். சாயம்னு எழுதியிருந்தேனே, உனக்கு நான்தானே அந்தச் சொல்லைச் சொல்லிக்குடுத்தேன்? அந்த மூன்றாவது கேள்விக்குத்தான் நான் காலை ஏழு பத்திலிருந்து கதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அவனுக்கு அவன் கை திரும்பக் கிடைக்க வேண்டுமானால், டூனாவின் கடைசிச் சாயத்தைத் தெரிந்தே துடைத்தவன் நான் என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். இரண்டையும் தனித்தனியாகப் பிரிக்க எல்லா வழியும் பார்த்துவிட்டேன். மெழுகு தடவ மறந்த இடம் இது.

9

ஒன்பது நாற்பத்தெட்டு.

இந்தக் கதையை ஏன் தமிழில் எழுதினேன் என்று கேட்காதீர்கள். என் தாய்மொழி, வேறு எதில் எழுதுவேன் என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். இந்தத் தெருவில் ஒருவருக்கும் இதைப் படிக்கத் தெரியாது. ஒப்புக்கொண்ட நிம்மதியும் கிடைக்கும், யாருக்கும் தெரியாமலும் போகும். அப்படி ஒரு கணக்கு எனக்குள் இருந்திருக்கிறது. எழுதும்போதுதான் தெரிந்தது.

இழுப்பறையைத் திறந்து கந்தலை எடுத்து மேசைமேல் வைத்திருக்கிறேன். பழுப்பு, ஓர் ஓரத்தில் மட்டும் இன்னும் கொஞ்சம் சிவப்பு. கழுவாமல் வைத்திருந்தது ஒன்றுதான் நான் சரியாகச் செய்தது. அவனுக்கு இது வேண்டியிருக்கலாம். என் முகத்தில் விட்டெறியவும் வேண்டியிருக்கலாம்.

கார் சத்தம். ஜன்னல் வழியாகத் தெரிகிறது. வெண்டெலின் இறங்குகிறான். காலால் கார்க் கதவைத் தள்ளி மூடுகிறான், இரண்டு கையும் கோட்டுப் பையில். பிளாஜெனா கராஜின் தகரக் கதவை மேலே தூக்குகிறாள். அவனைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரிக்கிறாள். பிறகு அவன் தலைக்கு மேலாக என் ஜன்னலைப் பார்க்கிறாள்.

சொல்ல வேண்டியதை அவர்கள் மொழியில் எழுதிப் பார்த்தாயிற்று. மொத்தம் ஐந்து சொற்கள், ஒன்று ஃபார்பா. உச்சரிப்பில் தவறு வராது, அந்தச் சொல்லை அடித்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறான்.

முடிவை உங்களிடம் விட்டுவிடலாம் என்று முதலில் நினைத்தேன். விடுவது மரியாதையாகவும் இருக்கும். ஆனால் உங்களிடம் கேட்பது அதைவிடச் சின்ன உதவி. இந்த வரி எழுதப்படும்வரை நான் இந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். அடுத்த வரியை நீங்கள் எதிர்பார்த்தால் அதையும் எழுதுவேன், எனக்கு அது சுலபம், பத்து மணி தாண்டும்வரை எழுதுவேன். பிளாஜெனா இன்னும் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தயவுசெய்து படிப்பதை நிறுத்துங்கள், நான் எழுந்திருக்க வேண்டும்.